பயிற்ச்சி

கூடத்துக்குள் நுழைந்த தமிழய்யா பலகையைப் பார்த்தார். காலையிலிருந்து சுருங்கிக் கிடந்த முகம் சட்டென்று மலர்ந்தது.

‘வாசிப்புப் பயிற்ச்சி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குத் தினமும் அரை மணி நேரம் தனியாகச் சொல்லித் தருவதற்குப் புது முறையாம். ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்ததாம். ஆசிரியர்களுக்கு அதைப் பழக்க வெளியிலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். அந்த அரை மணி நேரம் தமிழய்யாவின் இலக்கண வகுப்பிலிருந்துதான் போகும்.

“நீங்கதான் மூத்தவர். சரின்னு சொன்னா வருஷம் பூரா நடத்தலாம். வேண்டாம்னா இன்னியோட முடிச்சுக்கலாம்” என்று தலைமையாசிரியை முடிவை அவரிடமே விட்டிருந்தார்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்தான் தேவைப்பட்டது. அது பலகையிலேயே தொங்கியது.

பாடம் நடத்திக் காட்டுவதற்காக முன்வரிசையில் நான்கு பிள்ளைகள். அதில் ஒருத்தி அவர் வகுப்பு. வாயைத் திறக்க மாட்டாள், பென்சிலைத் தொட மாட்டாள். அவர் வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

பயிற்சியாளர் ஆரம்பித்தார்.

“பிள்ளைங்க தப்புப் பண்ணினா உடனே பாயாதீங்க. கொஞ்சம் பொறுங்க. அவங்களே திருத்திக்க இடம் கொடுங்க. முக்கியமா, எல்லார் முன்னாடியும் வேண்டாம். ஆராய்ச்சியும் அதைத்தான்...”

தமிழய்யா எழுந்தார்.

“ஒரு சந்தேகம்மா. பிள்ளைங்களைத்தானே எல்லார் முன்னாடியும் திருத்தக் கூடாது? டீச்சரைத் திருத்தலாமில்ல?”

“தாராளமா, ஐயா.”

“ஆராய்ச்சிக்கு ‘ச்’ உண்டு. பயிற்சிக்குக் கிடையாது. றகர ஒற்றுக்குப் பக்கத்துல இன்னொரு ஒற்று குடியிருக்காது. ரொம்ப ஆராய்ச்சி பண்ணி, அங்க மிஞ்சினதைக் கொண்டாந்து இங்க ஒட்டிட்டீங்க போல!”

கூடமே சிரித்தது. கணக்கு டீச்சர் மேசையைத் தட்டினார். உற்சாகம் தாங்கவில்லை தமிழய்யாவுக்கு.

“என் வகுப்புல எந்தப் பிள்ளையும் இப்படி எழுதாதும்மா!”

“தப்பு என்னோடதுதான், ஐயா. மன்னிச்சிடுங்க.”

பயிற்சியாளர் பலகையருகே போய், விரல் நுனியால் அந்த ஒற்றை மட்டும் துடைத்தார். மற்ற எழுத்துகளைத் தொடவில்லை. திரும்பி வந்தவர் நடுவில் நிற்காமல், தலையைக் குனிந்திருந்த ஊமைக்கோட்டானை மறைத்தாற்போல நின்றுகொண்டே மீதிப் பாடத்தை நடத்தினார்.

நிற்கவும் தெரியவில்லை என்று தமிழய்யா மனதுக்குள் இன்னொரு மதிப்பெண்ணைக் குறைத்தார்.

மதியம் தலைமையாசிரியையின் அறை.

“எப்படி இருந்துச்சு, ஐயா?”

“வேண்டாம் மேடம். பயிற்சின்னு எழுதத் தெரியாதவங்க நமக்குப் பயிற்சி கொடுக்கிறதாவது! வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்.”

“அவங்களா எழுதினாங்க?”

“பின்ன? அவங்களே ஒத்துக்கிட்டாங்களே.”

“காலையில நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். பலகையில யாராவது எழுதறீங்களான்னு பிள்ளைங்களைக் கேட்டாங்க. ரொம்ப நேரம் யாரும் அசையல. அவங்களும் விடாம காத்திருந்தாங்க. கடைசியில எழுந்து போனது உங்க வகுப்புப் பொண்ணு.”

தமிழய்யா சிரித்தேவிட்டார்.

“யாரு, ஊமைக்கோட்டானா? ஆளை மாத்திச் சொல்றீங்க, மேடம். இத்தனை நாள்ல என் வகுப்புல அவ ஒரு எழுத்துகூட எழுதினதில்லையே!”

“இன்னிக்கு ஒரு எழுத்து கூடத்தான் எழுதிட்டா, ஐயா” என்றார் தலைமையாசிரியை.