குடும்பத்தோடு ஒரு போட்டோ

"உட்காரு."

அக்கா சொன்ன தோரணையில், பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த யாரோ ஒருவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். தம்பி மனைவி மட்டும் உட்காரவில்லை.

"கால் மணி நேரம்தான் அண்ணி. மாடிக்குப் போயிட்டு ஓடி வந்துடறேன்."

"உட்காருன்னேன்."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவள் நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள்.

மருத்துவக் கல்லூரி அரங்கம் நிரம்பி வழிந்தது. இந்த வருடம் சாதனை படைத்த பேராசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் பாராட்டு விழா. ஒருவர் புது ஊசி கண்டுபிடித்திருந்தார், இன்னொருவர் தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருந்தார். ஏறுவதும், கேடயம் வாங்குவதும், கேமராவுக்குப் பல்லைக் காட்டுவதும், இறங்குவதுமாக இருந்தார்கள்.

அடுத்தது தம்பி. இங்கேயே படித்து இங்கேயே பேராசிரியர் ஆனவன். பெரிய விருது அவனுக்குத்தான். எதற்கென்று அக்காவுக்குச் சரியாகத் தெரியாது. இருதயமோ, ஈரலோ, ஏதோ ஒன்று. அதுவா முக்கியம்?

காலையிலேயே சொல்லிவிட்டான். "மேடைக்குக் குடும்பத்தோட கூப்பிட்டு போட்டோ எடுப்பாங்க அக்கா. அவ நடுவுல எழுந்து போயிடப் போறா. நீ பக்கத்துலயே இரு."

கட்டினவன் மேடையேறும் நேரத்தில் எழுந்து போகிறாளாம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படி என்ன மாடியில கொட்டிக் கிடக்கு?"

"இன்டர்வியூ அண்ணி. வேலையை விட்ட டாக்டருங்களுக்குப் பயிற்சி கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கறாங்க. பன்னிரண்டு மணியோட முடிஞ்சுடும். அடுத்த வருஷம்னா எனக்கு வயசு தாண்டிடும்."

"ஓஹோ. இத்தனை வருஷமா வீட்டுல காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தப்போ வராத ஆசை, அவன் பேர் வாங்கற நாளாப் பார்த்து வந்துடுச்சா? புருஷனோட போட்டியா?"

"இப்போ என்ன போட்டி? படிக்கறப்போ போட்டோம். அவர் ரெண்டாவது வந்தார்."

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் குறைச்சல் இல்லை."

அக்கா பிடியை இறுக்கினாள். கேமரா முதல் வரிசையையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் பார்க்க நாத்தனாரோடு மல்லுக்கட்டவா முடியும்? தம்பி மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அந்த இன்டர்வியூவை நடத்தறதே..."

"பேசாதே. அவன் பேரைக் கூப்பிடறாங்க."

தம்பி மேடையேறினான். புதுக் கோட்டு. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று அக்கா கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள். டீன் மைக்கைப் பிடித்தார்.

"கல்யாணம், குழந்தை, மாமியாருக்குப் பணிவிடை என்று படித்த படிப்பைத் தூக்கிப் பரணில் போட்ட பெண் மருத்துவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடிப்பிடித்து மறுபடி வேலைக்குக் கொண்டுவரும் திட்டம் நம் பேராசிரியருடையது. இந்த நிமிஷம்கூட அதற்கான நேர்காணல் மாடியில் நடந்துகொண்டிருக்கிறது."

அரங்கம் கைதட்டியது. அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"இவன் திட்டமா?"

"ஆமா."

"அப்போ அவன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நீயும் கிளம்பிட்டா வீட்டை யார் பார்க்கறதுன்னு கேட்டார்."

மாமியாருக்குப் பணிவிடை. டீன் சொன்னது அக்காவின் காதிலேயே நின்றது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்களில், துடைத்து, புரட்டி, ஊட்டிவிட்டவள் யார்? 'வீட்டுலயே ஒரு டாக்டர் இருக்கும்போது நர்ஸ் எதுக்கு?' என்று அன்றைக்குக் கேட்ட வாய் யாருடையது? காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

மேடையில் தம்பியின் குரல் தழுதழுத்தது.

"எந்தப் பெண்ணும் தானா வேலையை விடறதில்லை. அவங்க எழுந்து போக நினைக்கும்போது யாரோ ஒருத்தர் கையைப் பிடிச்சு உட்கார வைக்கறாங்க. அந்தக் கையை நாமதான் தட்டிவிடணும்."

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அக்காவால் தட்ட முடியவில்லை. தட்ட வேண்டுமென்றால் பிடியை விட வேண்டும்.

விட்டாள். தம்பி மனைவியின் மணிக்கட்டில் விரல் தடம் சிவந்து கிடந்தது.

"போ."

"மணி ஆயிடுச்சு அண்ணி. கதவைச் சாத்தியிருப்பாங்க."

"சாத்தியிருந்தா இடி. திறக்கலைன்னா நான் வந்து இடிக்கறேன். ஓடு."

எழுந்து நின்ற கூட்டத்தை இடித்துக்கொண்டு அவள் ஓடினாள்.

"குடும்பத்தினர் மேடைக்கு வரலாம்," என்றார் டீன். அக்கா தனியாகப் படியேறிப் போனாள். தம்பி சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் கேட்டான்.

"அவ எங்கே? உன்னை நம்பித்தானே விட்டேன்?"

அதற்குள் டீன் மைக்கை நீட்டினார். "சாதனையாளரோட அக்கா. தம்பியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா."

அக்கா மைக்கை இடது கையில் வாங்கினாள். வலது கையை அரங்கத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

"பொண்ணுங்களைப் பிடிச்சு உட்கார வைக்கற கைன்னு என் தம்பி சொன்னானே, அது இந்தக் கைதான். பிடிச்சு வைக்கச் சொன்னது யாருன்னு அவனையே கேளுங்க."