பெயரில்லாத இரண்டு சீட்டுகள்

சபையின் ஜெபக்குறிப்புப் பெட்டியைக் கவிழ்த்து, போதகரின் மனைவி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். நாளைய ஆராதனைக்காகப் போதகர் குறித்துக்கொண்டிருந்தார்.

"மாமியார் வாய் அடங்கணுமாம்."

"போன வாரம் அந்த மாமியாரும் இதையேதான் எழுதினாங்க, மருமகளுக்காக."

அடுத்த சீட்டில் அவள் குரல் இறங்கியது.

"'எனக்கு ஜெபம் பண்ண வரவில்லை. யாராவது எனக்காக ஜெபியுங்கள்.' பேர் இல்லைங்க."

"அப்போ விட்டுடும்மா. பேர் தெரியாம எப்படி?"

"பேர் போட்டே ஆகணும்னு இல்லைன்னு சொன்னதே நீங்கதானே?" என்று சீட்டை அவர் முன்னே வைத்தாள்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தவர், "இது நான் எழுதினது இல்லையே!" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தெரியும். அது நான் எழுதினது. உங்களுது இது."

இன்னொரு சீட்டை நீட்டினாள். கிட்டத்தட்ட அதே வரிகள்தான்.

ஒரே மகளை அடக்கம் செய்து ஆறு வாரமாகிறது. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன வீட்டில் இருவரும் தனித்தனியாகவே அழுதிருந்தார்கள்.

முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியவரின் கையைப் பிடித்து, அவள் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"எனக்காக எனக்கு வரலைங்க. உங்களுக்காக வருதான்னு பார்க்கிறேன். நீங்களும் எனக்காகப் பாருங்க."