கை வைக்காத ஹாரன்

"சத்தியமா நான் கை வைக்கல" என்றான் வேன்காரன். காலையிலிருந்து பெண்டாட்டியிடம் அவன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

கை வைக்கவில்லை என்று அவன் சொன்னது ஹாரன் மேல். அவன் ஓட்டுவது சலவைக்கடையின் வேன், அவன் கல்யாணத்துக்கு முன்பே கிழடு தட்டியது. நாத்தனார் குடியிருக்கும் தெருவின் முனையில் திரும்பும்போதெல்லாம் அது தானாகவே 'பாம்' என்று கத்துகிறதாம். கத்தியதும் முனை வீட்டு மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். இந்த இரண்டாவது விஷயத்தை அவன் சொல்லவில்லை. நாத்தனார்தான் போன் போட்டுச் சொன்னாள்.

பெண்டாட்டி தானே ஒரு நாள் போய் நாத்தனார் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். வேன் திரும்பியது, ஹாரன் அடித்தது, பச்சைப் புடவைக்காரி ஒருத்தி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றாள். அழகாக வேறு இருந்து தொலைத்தாள். அன்றிலிருந்து பச்சை நிறத்தைக் கண்டாலே இவளுக்கு வயிறு எரிந்தது. கீரை வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"ஊர்ல இத்தனை முனை இருக்கு. உங்க வண்டிக்கு அந்த முனையிலதான் வாய் திறக்குமா?"

அந்த முனை ரொம்பக் குறுகல், ஸ்டியரிங்கை இடது பக்கம் கடைசிவரை ஒடித்தால்தான் வண்டி திரும்பும், அப்போது உள்ளே ஏதோ ஒயர் உரசுகிறது என்று அவன் மறுபடியும் விளக்கினான். அவனுடைய மெக்கானிக்கும் அதையேதான் சொல்லியிருந்தான். அந்த மெக்கானிக் இவனோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன். அவன் சாட்சியை அவள் குப்பையில் போட்டாள்.

அதனால்தான் புருஷன் அதுவரை கால் வைக்காத ஒரு வண்டி ஒயரிங் கடையாகப் பார்த்து அவளே வண்டியை நிறுத்தச் சொன்னாள். மடியில் துணிப்பை இருந்தது. ஒயரில் கோளாறு இல்லையென்றால் இங்கிருந்தே நேராக அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக அவனிடம் சொல்லியும் ஆயிற்று.

கடைக்காரரான எலக்ட்ரீஷியன் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பி, பைக்கில் சாவியைப் போட்டிருந்தார். வேனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முனையில் திரும்பும்போது ஹாரன் தானாக அடிக்கிறது என்று மட்டும் அவள் சொன்னாள். மாடிக்காரி கதையை வெளி ஆளிடம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

"மத்தியானத்துலதானே அடிக்குது?" என்று கேட்டார் அவர்.

ஆமாம் என்று தலையாட்டினாள். வெயில் ஏறினால் ஒயர் இளகும் போலிருக்கிறது, மனுஷன் தொழில் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டாள். அவர் பைக் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார்.

முதல் வேலையாக வேன்காரனைக் கீழே இறக்கி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு எட்டி நிற்கச் சொன்னார். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு ஹாரனுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, அதில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்து பேட்டரியோடு இணைத்தார். ஒயர் உள்ளே எங்காவது இரும்பில் பட்டால் பல்பு எரியும் என்றார்.

ஸ்டியரிங்கை வலது பக்கம் கடைசிவரை ஒடித்தார். எரியவில்லை. அவள் துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இடது பக்கம் மெல்லத் திருப்பினார். பாதி வந்தும் ஒன்றுமில்லை, முக்கால் வந்தும் ஒன்றுமில்லை. வேன்காரனுக்கு வியர்த்துக் கொட்டியது. எலக்ட்ரீஷியனுக்கும் வியர்த்தது, பாவம், பசி வேளை என்று அவள் இரக்கப்பட்டாள். கடைசி ஒடிப்பில் பல்பு பளிச்சென்று எரிந்தது.

இன்னொரு தடவை பார்க்கச் சொல்லலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் அவரே மறுபடி திருப்பினார். அதோடும் விடவில்லை, திருப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எரிந்தது. ஸ்டியரிங் மூடியைக் கழற்றினால், உள்ளே ஒயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"யாரும் அடிக்கல. தானாத்தான் அடிச்சிருக்கு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் புது ஒயர் போட்டு முடிப்பதற்குள் துணிப்பை வேனின் பின்பக்கம் சலவை மூட்டைகளுக்கு நடுவே போய் விழுந்துவிட்டது. கையைக் கட்டியபடியே நின்ற புருஷனை ஏறிட்டுப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது. அதை மறைக்கப் பேச ஆரம்பித்தவள், நாத்தனார் போனிலிருந்து பச்சைப் புடவை வரை எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியனிடம் கொட்டித் தீர்த்தாள். சத்தம் கேட்டால் யார்தான் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று மாடிக்காரிக்காக வாதாடவும் செய்தாள்.

"நானாவது பரவாயில்லண்ணே, வாய்விட்டுக் கேட்டுட்டேன். அந்தப் பொண்ணோட புருஷன் காதுல இந்த ஹாரன் விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவர் தேய்ந்துபோன பழைய ஒயரைப் பத்திரமாகச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மூணு மாசமா என் காதுல விழுந்துக்கிட்டுத்தாம்மா இருக்கு."