கேட்டது இங்கே, வாங்கியது அங்கே

அந்தப் பெண் மதர்போர்டுப் பெட்டியை மேஜைமேல் வைத்ததுமே கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆன்லைன் கம்பெனியின் டேப் பெட்டியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பத்து நாள் முன்னாடி வந்தீங்கல்ல?"

"ஆமா சார்."

"தங்கச்சிக்கு வீட்டிலிருந்தே வேலை, பில்டிங் பிளான் வரையணும், கையில காசு கம்மின்னீங்க. நானும் ஒரு மணி நேரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். விலை குறைஞ்ச பிராசஸரே போதும், கிராஃபிக்ஸ் அதுக்குள்ளேயே இருக்கு, மிச்சத்தை நல்ல போர்டுல போடுங்கன்னு. பேப்பர்ல எழுதியும் கொடுத்தேன். யோசிச்சுச் சொல்றேன்னு போனீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்டது இங்கே, வாங்கினது அங்கே!"

"கொஞ்சம் குறைச்சலா கிடைச்சுது சார். நீங்க எழுதிக் கொடுத்த அதே பிராசஸர், அதே போர்டுதான். நாங்களே பார்த்துப் பார்த்து மாட்டினோம். ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணுமே வரல. நாளை மறுநாள் காலைல ஒன்பது மணிக்கு அவ வேலையில சேரணும். சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தாத்தான் எடுப்பாங்களாம். ரெண்டு வருஷமா தேடிக் கிடைச்ச வேலை சார்."

அழுதுவிடுவாள் போலிருந்தது. கடைக்காரருக்கும் உள்ளூர இரக்கம்தான். ஆனால் இப்படி ஓர் ஆள் கையில் சிக்குவது லேசா? மாதத்துக்கு நாலு பேர் வந்து அவர் வாயைக் கிளறிவிட்டுப் போகிறார்கள். ஒருத்தராவது திரும்பி வந்ததுண்டா? இத்தனை நாள் வயிற்றெரிச்சலையும் சேர்த்துவைத்து ஒரு பிடி பிடித்துவிட்டார்.

"ஏம்மா, நாங்க கடையைத் திறந்து வச்சிருக்கிறது என்ன, தர்மத்துக்கா? வாடகை யார் கொடுப்பா? கரண்ட் பில்லை யார் கட்டுவா? அந்த ஆன்லைன்காரன் வந்து கட்டுவானா? சாமானைத் தூக்கிட்டு ஓடினாத்தான் திருட்டா? இதுவும் திருட்டுத்தான். படிச்சவங்க செய்யற திருட்டு!"

"தப்புத்தான் சார்."

இவ்வளவு சட்டென்று ஒத்துக்கொண்டால் மேலே எப்படித் திட்டுவது? அவர் பெட்டியைப் பிரித்தார்.

"பிராசஸர் புதுசு. போர்டு எங்கேயோ குடோன்ல வருஷக்கணக்காக் கிடந்திருக்கு. பிராசஸர் இந்த சாக்கெட்டுல அழகா உட்காரும், ஆனா வேலை செய்யாது. போர்டை எழுப்பி விடறதே பயாஸ்ங்கிற புரோகிராம்தான். இதுல இருக்கிற பயாஸ் இந்த பிராசஸர் வர்றதுக்கு முந்தியே எழுதினது. அதுக்கு இது யாருன்னே தெரியாது. என்கிட்ட வாங்கியிருந்தா புது பயாஸ் ஏத்தித்தான் கையில கொடுத்திருப்பேன். அதெல்லாம் பேப்பர்ல வருமா?"

"சரி பண்ண முடியுமா சார்?"

"பழைய பிராசஸர் ஒண்ணை மாட்டி, புது பயாஸ் ஏத்தி, மறுபடி உங்களுதை மாட்டணும். முடியும். ஆனா ரெட்டைக் கூலி. வெளியில வாங்கினவங்களுக்கு இந்தக் கடையில அதான் சட்டம்."

சட்டம் அந்த நிமிஷத்தில் பிறந்ததுதான். அவள் பேரம்கூடப் பேசவில்லை.

"பரவாயில்ல சார். எப்படியாவது ஓடினாப் போதும்."

அவர் குனிந்து சாக்கெட்டைத் திறந்து பிராசஸரை வெளியே எடுத்தார். உள்ளே மயிரிழை போலப் பின்கள். ஒன்று வளைந்தாலும் போர்டு குப்பைக்குத்தான். மூக்குக்கண்ணாடி நழுவியது. மேலே தள்ளினார். மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை கழன்றே விழுந்துவிட்டது.

சாக்கெட்டுக்கு ஒரு சாண் மேலே அவள் அதை லபக்கென்று பிடித்துவிட்டாள்!

"ஐயோ, நல்ல வேளை!" என்றார் கடைக்காரர். "வாங்கின நாள்லேருந்து இது ஒரே ரோதனை. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே நிக்குது."

அவள் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துத் திருகை முடுக்கினாள். மூக்கில் உட்காரும் இடத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். காதுப் பக்கத்தைக் கொஞ்சம் வளைத்தாள்.

"போட்டுப் பாருங்க சார்."

போட்டார். தலையை ஆட்டினார், குனிந்தார். கண்ணாடி அசையவில்லை.

"அடேயப்பா! அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே!"

அதற்கப்புறம் தடங்கலில்லாமல் வேலை நடந்தது. அரை மணியில் திரையில் எழுத்து வந்ததும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். தங்கையைப் போனில் கூப்பிட்டு, "ஓடுதுடி, ஓடுது!" என்று கத்தினாள். ரெட்டைக் கூலியை எண்ணி மேஜைமேல் வைத்தாள்.

கடைக்காரர் அதைக் கல்லாவில் போட்டார். ஆனாலும் மனசு உறுத்தியது.

"கண்ணாடிக்கு நான் என்னம்மா தரணும்?"

"இதுக்கெல்லாம் நாங்க காசு வாங்கறதில்ல சார்."

"நாங்கன்னா?"

"பக்கத்துத் தெரு கண்ணாடிக்கடையில வேலை பார்க்கறேன். உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது. பவர் இல்லாத வெறும் ஃப்ரேமா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தீங்க, எதிர்ல இருந்த என் மூஞ்சி தெரிஞ்சிருக்காது. இருபது ஃப்ரேம் எடுத்துக் காட்டினேன். கடைசியில இதோட நம்பரைப் போன்ல படம் பிடிச்சுக்கிட்டுப் போனீங்க."

அவள் போர்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"இப்படியும் வாங்கலாம்னு அன்னிக்குத்தான் சார் எனக்குத் தெரிஞ்சுது."