புதன்கிழமை ஈரத்தலை

சொம்பைத் தலைக்கு மேலே தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள்.

ஊற்றினால் காம்பவுண்டுக்கே தெரிந்துவிடும்.

இன்று புதன்கிழமை. பெண்கள் தலைக்குக் குளிப்பது செவ்வாயும் வெள்ளியும்தான். மற்ற நாளில் ஒருத்தி ஈரத்தலையோடு வந்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தீட்டு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்வது அங்கே எல்லா வீட்டு வழக்கமும்தான்.

அவளுக்கு என்றைக்குமே மாதக்கணக்கு ஒழுங்காக வந்ததில்லை. தள்ளிப்போகும், பிறகு வந்து தொலைக்கும். இந்த முறை இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பரிசோதனை அட்டையில் ஒரே ஒரு கோடு. இன்னொரு அட்டை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இரண்டாவது கோடு இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாள். பாழாய்ப்போன மனசு, அதற்கு வேறென்ன வேலை.

மாமியாரிடம் வாயைத் திறக்கவில்லை. அத்தைக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? தானாகவே கணக்குப் போட்டுக் குழாயடியில் பெருமையடித்துவிட்டாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுச் சரசு அவளைக் குடம் தூக்க விடுவதில்லை.

இன்று விடிந்ததும் பாவாடையில் கறை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். யார் போனார்கள் என்று அழுவது? யாரும் வரவே இல்லையே.

ஊற்றிக்கொண்டாள்.

கதவைத் திறந்தால் எதிரே அத்தை. தலையைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. அவளைத் தாண்டிக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

கோபம் என்றுதான் அவள் நினைத்தாள். நியாயமான கோபம்தான் என்றும் நினைத்தாள்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சொட்டச் சொட்ட வெளியே வந்த அத்தை, அவள் கையைப் பிடித்து முற்றத்து வெயிலுக்கு இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தாள். குழாயடியில் பேச்சு நின்றது. சரசு குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"என்னா வெக்கை சரசு! தாங்கமாட்டாம மாமியாளும் மருமகளும் தலைக்கு ஊத்திக்கிட்டோம்."

இருந்தது ஒரே துண்டு. தன் தலை ஒழுகிக்கொண்டிருக்க, அத்தை அதை மருமகள் தலையில் போட்டாள். முகத்தையும் சேர்த்து மூடினாள். துவட்டத் தொடங்கினாள்.

உள்ளே அவள் அழுது முடிக்கும்வரை துண்டை எடுக்கவே இல்லை.