ஆயிரம் வயதுத் தாடி

நாடகத்தில் உலகையே வெறுத்துச் சபிக்கும் ஆயிரம் வயதுப் பண்டிதன் வேஷம் முனிவேலுக்கு. சபிக்க வாயைத் திறந்தாலே ஒட்டுத் தாடி விழுந்தது; பாகலூரில் கூட்டம் சிரித்தது. பெட்ரோமாக்ஸ் சூட்டில் இளகுகிறதென்று பசையை மாற்றியும் பலனில்லை.

கூத்து வாத்தியார் கோவிந்தப்பன் அவன் முகவாயைத் தடவினார். "பசை தோல்லதான்டா புடிக்கும், முடியில புடிக்காது. அடியில உன் தாடி காடா கெடக்குதே! சவரம் பண்ணு, இல்லன்னா வேஷம் வேற ஆளுக்கு."

"சம்சாரம் முழுகாம இருக்கறப்ப புருசன் மூஞ்சில கத்தி படக் கூடாதே வாத்தியாரே?" என்றான் மிருதங்கம் சென்னப்பன். "மாதம்மா பெத்ததும் எடுத்துடுவான். முனிவேலு, எப்படா சர்க்கரை குடுப்ப?"

"போன வாரமே தாய்வீட்டுல பொறந்துடுச்சு," என்றான் முனிவேல். "கொழந்த அழவேயில்ல. கத்தியத் தொட மனசு வரல."

கோவிந்தப்பன் ஒட்டுத் தாடியைப் பெட்டியில் போட்டு மூடினார். அரிசி மாவைக் குழைத்து, முனிவேலின் சொந்தத் தாடியிலேயே வெள்ளையாகப் பூசினார்.

அன்று மத்தூரில் பண்டிதன் வாய்விட்டுச் சபித்தான். தாடி விழவில்லை.