பூ சீசனுக்கு ஒரு அறை

"ஆத்தைப் பார்த்த மாதிரி ஒரு அறை வேணுங்க. பூ சீசன்ல. அப்பா, அம்மா, நான், மூணு பேரு" என்றாள் மகள்.

போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். எதிரே அம்மா, பீன்ஸ் நறுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆற்றங்கரைக் கோட்டை ஊருக்கு ஒருதரமாவது போக வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. இரண்டு கரையிலும் மரங்கள் இலை தெரியாமல் பூத்துக் கிடக்க, கோட்டை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் படத்தை எந்தக் காலண்டரிலோ பார்த்ததிலிருந்து நச்சரிப்புதான்.

அப்பா பிடி கொடுத்ததே இல்லை. "இடிஞ்ச சுவரைப் பார்க்க இவ்வளவு தூரமா? நான்தான் வருஷாவருஷம் போறேனே, ஒண்ணுமில்லை அங்கே" என்பார். பம்ப் கம்பெனியில் மெக்கானிக். அந்த ஊர்க் குடிநீர் நிலையத்துப் பம்புகளைக் கழற்றி மாட்டும் வேலை எப்படியோ பூ சீசனில்தான் அவருக்கு வந்து வாய்க்கும்.

போன மாதம் ஓய்வு பெற்றார். இனி போக வேலை இல்லையே என்று பார்த்தால், "பழைய பம்ப் ஒண்ணு மக்கர் பண்ணுதாம், என்னைத்தான் கூப்பிடறாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரமாகப் பார்த்து மகள் காரியத்தில் இறங்கிவிட்டாள்.

"போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள் லாட்ஜ்காரம்மா.

மகள் அப்பாவின் நம்பரைச் சொன்னாள்.

"அட, நம்ம பம்ப் சாரு! முன்னாடியே சொல்லக் கூடாதா? அந்த அம்மாவும் வராங்கதானே? அவங்களால மாடி ஏற முடியாது. வழக்கம்போலக் கீழேயே போட்டுடறேன்."

"எந்த அம்மா?"

"அதான்மா, வருஷம் தவறாம கூட்டிட்டு வருவாரே. பிடிச்ச கையை விடவே மாட்டார். ஆத்துப் படியில உட்கார வச்சு, உதிர்ற பூவைப் பொறுக்கிப் பொறுக்கி அவங்க மடியில போடுவார். எங்களுக்கெல்லாம் பார்க்கவே..."

மகள் போனைத் துண்டித்தாள்.

அம்மாவின் கத்தி பாதிப் பீன்ஸில் நின்றிருந்தது.

"வேற யாரோ பம்ப் சாரா இருக்கும்மா" என்றாள் மகள். அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

வாசல் கதவு திறந்தது. கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிக்கொண்டே அப்பா உள்ளே வந்தார்.

"யாருப்பா அவ?" மகளின் குரல் கிறீச்சிட்டது. "லாட்ஜ்ல பேசினேன். எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு, மடியில பூவைப் போட்டு... ச்சீ! உங்களைப் போயி நான்..."

அப்பா அப்படியே நின்றுவிட்டார். மகளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் உள்ளே வா. தனியா சொல்றேன்."

"எதுக்குத் தனியா?" அம்மா எழுந்தாள். "எதுவானாலும் பொண்ணு முன்னாடியே சொல்லுங்க. அவளும் தெரிஞ்சுக்கட்டும்."

"வேணாம். சொன்னாக் கேளு."

"ஏன் வேணாம்? என்கிட்ட ஒளிவு மறைவு ஏதாவது உண்டா? மூடி மறைச்சவர் நீங்க. சொல்லுங்க, யார் அவ?"

அப்பா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"உன் அக்கா."

மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமாப்பா? அம்மா ஒரே பொண்ணு! அவளுக்கு ஏது அக்கா? நீயே கேளும்மா!"

அம்மா கேட்கவில்லை. மெல்ல உட்கார்ந்தாள். மகள் இருந்த பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

"அவ... உயிரோடயா இருக்கா?"

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா!"

"புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எங்கப்பா அவளை எங்கேயோ கொண்டுபோய் விட்டுட்டார். வெளியில தெரிஞ்சா எனக்கு வரன் அமையாதுன்னாங்க. ஒரே பொண்ணுன்னு சொல்லிடுன்னாங்க, சொன்னேன். எந்த ஊர்ல விட்டாங்கன்னு கூட நான் கேட்கலை. அப்புறமும் கேட்கலை." அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "உங்களுக்கு எப்படி..."

"உங்கப்பா கடைசியா படுத்திருந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். அந்த ஊர் மனநலக் காப்பகத்துலதான் விட்டிருக்கார். பம்ப் வேலை ஒருநாள்ல முடிஞ்சிடும், மீதி நாள் லீவு போட்டுப்பேன். கையெழுத்துப் போட்டா வெளியே அனுப்புவாங்க. பூ பூக்கிற சமயத்துல அவங்க மனசு கொஞ்சம் தெளிஞ்சிருக்கும்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே என்கிட்ட!"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்லலை. நானா கேட்டு உன்னைத் தலைகுனிய வைக்கணுமான்னு விட்டுட்டேன்."

மகளுக்குப் பெரியம்மா என்று ஒருத்தி இருந்திருக்கிறாள். அப்பாவைப் பார்த்துச் சொன்ன அந்த 'ச்சீ' இப்போது அவளையே குத்தியது.

அம்மா நிமிர்ந்து அப்பாவைக் கேட்டாள்.

"என்னைப் பத்திக் கேட்பாளா?"

"பார்த்ததும் அதைத்தான் கேட்பாங்க. தங்கச்சி வரலையான்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"உங்களைப் பார்த்துட்டு வரச் சொல்லி, உங்க தங்கச்சிதான் என்னை அனுப்பி வச்சான்னு சொல்வேன்."